வாடா துரைக்குச் சீமை பழக்கிய ஆண்டியப்பன்

நரிப்பாறைத் தேயிலைத் தோட்டத்துப் பங்களாவின் அப்பு, அதாவது சமையற்காரன், ஆண்டியப்பன் தன் ஆயுளில் நானுஓயா ரயில் நிலையத்தைத் தாண்டிப் போனவன் இல்லை. ஆனால் லண்டனில் எந்த மாதிரி வீட்டில் வெந்நீர் கிடைக்கும், கடைத்தெருவில் எந்தக் காய் கிடைக்காது, வழியில் எதிரே வருகிறவனைப் பார்த்தால் எப்படி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டால், வெங்காயம் அரிந்துகொண்டே சொல்வான். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரிக்காமல் கேட்டவர் ஒரே ஒருவர். அவர் வெள்ளைக்காரர்.

ஆண்டியப்பன் பிறந்தது அந்தத் தோட்டத்து மேட்டு லயத்தில், கூலியாட்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளில் ஒன்றில். தகப்பன் தேயிலைச் செடியின் தலையைக் கழித்துக் கவ்வாத்து வெட்டுகிறவன், தாய் கொழுந்து பறிக்கிறவள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தான். நான்காம் வகுப்பு அங்கே கிடையாது. இருந்திருந்தால் படித்திருப்பானா என்பது வேறு பேச்சு. ஒரு மழை நாளில் பங்களாக் குசினிக்கு விறகு கொண்டுபோனவன், அடுப்பைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டான். வெளியே கொட்டுகிற மழை, உள்ளே எரிகிற நெருப்பு. யாராக இருந்தாலும் நிற்பான். விறகு போட்டவன் பிறகு பாத்திரம் கழுவினான், பிறகு காய் அரிந்தான், பிறகு ஆக்கினான், கடைசியில் பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு அப்புவாகிவிட்டான். தேயிலைச் செடியின் அருகில் போய் ஒரு நாள் வேலை செய்தவன் இல்லை. தோட்டத்தில் பிறந்து தோட்டத்தில் வளர்ந்து மலை ஏறாமல் ஐம்பது வயதைத் தொட்டவன் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவன் ஒருவன்தான். அவன் மனைவி பேச்சியம்மா கொழுந்து பறிக்கிறவள். அவள் நனைந்து வரும்போது இவன் காய்ந்து நிற்பான். அதைச் சொல்லிக்காட்டாத நாள் இல்லை.

பெரிய துரைக்கு ஏட்டில் நீளமான பெயர் ஒன்று உண்டு. தோட்டத்து ஜனங்கள் வைத்த பெயர் வாடா துரை. பக்கத்துத் தோட்டத்துப் பங்களாவில் பிறந்தவர் அவர். அவருடைய தகப்பனாரும் துரைதான். நுவரெலியாவில் படித்து, நேரே தேயிலைக்கு வந்தவர். அவருக்குத் தெரிந்த தமிழ் முழுக்கக் கங்காணிமார் ஆட்களை விரட்டும்போது காதில் விழுந்தது. அதனால் வாடா, போடா, எங்கடா என்பதைத் தவிர ஆளைக் கூப்பிட வேறு வழி உண்டென்றே அவருக்குத் தெரியாது. மாரியம்மன் திருவிழாவுக்கு வந்து, தொப்பியைக் கழற்றி, பக்தியோடு கையை நீட்டி, “வாடா பூசாரி, துன்னூறு குடுடா” என்பார். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அம்மனை அப்படிக் கூப்பிடாத வரைக்கும் சரி என்று பூசாரியே சொல்லிவிட்டார். கலியாணம் காட்சி இல்லாத மனுஷர். சீமையை அவர் பார்த்தது சிறு பிள்ளையாக இருந்தபோது ஒரு தடவை. ஒரு நனைந்த நாயும் இருமிக்கொண்டே இருந்த ஒரு சின்னம்மாவும்தான் ஞாபகம் என்பார்.

சுதந்திரம் வந்த அடுத்த வருஷம், குசினி அலமாரியில் விரிப்பதற்காக நானுஓயாக் கடைத்தெருவில் பழைய காகிதம் ஒரு கட்டு வாங்கிவந்தான் ஆண்டியப்பன். அதற்குள்ளே இருந்தது அந்தப் புத்தகம். அட்டை இல்லை, முன்னால் பல பக்கங்கள் இல்லை, நடுவே கரையான் தின்று ஒரு பொந்து. கும்பகோணத்துப் பக்கத்து வக்கீல் ஒருவர், ஏதோ வழக்குக்காக லண்டனுக்குப் போய்ப் பல மாதங்கள் இருந்துவிட்டு வந்து எழுதியது. மிஞ்சியிருந்த முதல் வரியே கப்பலில் வாந்தி எடுப்பதில்தான் தொடங்கியது. மரக்கறி தவிர வேறு தொடாத மனுஷர். லண்டனைப் பற்றி அவர் எழுதியதில் பாதி, அங்கே என்னென்ன கிடைக்கவில்லை என்பதுதான். மறுபாதி, கிடைக்காத இடத்தில் ஒரு மனிதன் மானத்தோடு எப்படிக் காலம் தள்ளுவது என்பது. “வெள்ளையர் நம்மைக் கண்டால் உற்று நோக்குவர். அஞ்சலாகாது. மெல்லப் புன்னகை செய்து அப்பால் செல்க” என்று எழுதியிருந்தார். இப்படி எத்தனையோ.

ஆண்டியப்பன் அதை அலமாரியில் விரிக்கவில்லை. உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தான். பிறகு கூட்டாமலே படித்தான். பிறகு புத்தகம் இல்லாமலே சொன்னான். பேச்சியம்மாவுக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

எட்டு ஒன்பது வருஷம் கழித்து இடி விழுந்தது. தோட்டத்தைக் கொழும்பில் யாரோ வாங்கிவிட்டார்கள். கண்டிப் பக்கத்துச் சிங்கள மாத்தயா ஒருவர் புதுத் துரையாக வருகிறார். அவர் தன் சமையற்காரனையும் கூட்டிக்கொண்டு வருகிறார். பழைய அப்பு மலைக்குப் போய்க் கவ்வாத்து வெட்டலாம் என்று ஆபீசிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். வாடா துரை மூட்டை கட்டிச் சீமைக்குப் போக வேண்டும்.

ஐம்பது வயதில் கவ்வாத்துக் கத்தி. ஆண்டியப்பன் தன் கையைப் பார்த்தான். நெய்யும் மாவும் பட்டு ஊறி, பிள்ளைபெற்றவள் கை மாதிரி மெத்தென்று இருந்தது. அன்றைக்கே அவன் முடிவு செய்துவிட்டான். துரையோடு சீமைக்குப் போய்விட வேண்டும். நினைத்துப் பார்த்தால் அதற்கும் புத்தகத்தில் வழி இருந்தது. வக்கீல் தனியாகப் போகவில்லை. சுப்பு என்ற சமையற்காரனைக் கூட்டிப் போயிருந்தார். “சுப்பு மட்டும் உடன் வாராதிருப்பின் இதை எழுத யான் இன்று உயிரோடு இரேன்” என்று ஒரு பக்கத்தின் அடியில் எழுதியிருந்தார்.

பேச்சியம்மாவிடம் சொன்னான். அவள் மலையில் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற நனைந்த படங்கைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

“சீமைக்குப் போயி?”

“ஆக்கிப் போடுறது. அங்க தொரைமாரு வீட்டுல வேலக்காரங்களே இல்லியாம். தானே அரிஞ்சு தானே கழுவணுமாம். இந்தத் தொரைக்கு அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாது. ஒரு வாரத்துல செத்துருவாரு.”

“அப்ப நான்?”

“முன்னால நான் போறேன். பெறகு ஒன்னயக் கூப்பிடுறேன்.”

“ஆமா, இப்பிடித்தான் எங்க தாத்தாவுக்கும் சொன்னாங்களாம், முன்னால சிலோனுக்குப் போ, பெறகு திரும்பிக்கலாம்னு” என்று சொல்லிவிட்டு அவள் படங்கைக் கொடியில் போட்டாள்.

அன்று மாலை துரை சாப்பிட்டு முடித்து நெருப்பண்டை உட்கார்ந்திருந்தபோது ஆண்டியப்பன் புத்தகத்தோடு போய் நின்றான். குளிரைப் படித்தான். வேலைக்காரர் இல்லாத வீடுகளைப் படித்தான். படுக்கையைத் தானே விரிப்பதை, சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுவதைப் படித்துத் துரைக்குப் புரிகிற தமிழில் விளக்கினான். சுப்புவின் வரியை மட்டும் மூன்று தடவை படித்தான். துரையின் முகம் மழைக்கால மேகம் மாதிரி இருண்டது. மறுநாள் காரை எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டு இரண்டு நாள் கழித்து வந்தார். ஆண்டியப்பன் இரண்டு நாளும் அடுப்படியில் பாடிக்கொண்டே வேலை செய்தான். கப்பலில் இரண்டு இடம் கேட்கத்தான் போயிருக்கிறார் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

துரை வந்து இறங்கியதும் தொப்பியைக் கூடக் கழற்றாமல் சொன்னார், “ஆண்டி, அந்தப் புஸ்தகம் முழுக்க எனக்குப் பழக்குடா. ஒண்ணு விடாம.”

ஆண்டியப்பனுக்கு முதலில் சப்பென்று போய்விட்டது. பிறகு யோசித்துப் பார்த்தான். பழகட்டும். பழகப் பழகத்தான் தெரியும் தன்னால் முடியாது என்று. கடைசியில் தானாக வாய் திறந்து கூப்பிடுவார்.

ஒரு வெள்ளைக்காரருக்குச் சீமையில் இருக்க ஒரு தமிழன் பழக்குவதா என்று தோட்டத்தில் கேட்காத ஆள் இல்லை. ஆண்டியப்பன் அதற்குப் பதில் வைத்திருந்தான். அவர் வெள்ளைக்காரர்தான், யார் இல்லை என்றார்கள்? வெள்ளைக்காரன் வேறு, சீமைக்காரன் வேறு. வக்கீல் எழுதியிருப்பது அந்த ஊருக்குப் புதிதாகப் போகிறவனுக்கு. வாடா துரை அந்த ஊருக்குப் புதிது. அவ்வளவுதானே கணக்கு. துரைக்கும் அது சரியாகவே பட்டது. அவரிடம் இருந்த இங்கிலீஷ் புத்தகங்கள் எல்லாம் உரத்தையும் நாயையும் பற்றியவை.

முதல் பாடம் செம்பு. அங்கே கக்கூசில் காகிதம்தான், தண்ணீர் இல்லை, ஆகையால் பித்தளைச் செம்பு ஒன்றை மறக்காமல் எடுத்துச் செல்க என்று வக்கீல் வருத்தத்தோடு எழுதியிருந்தார். துரை தயங்கினார். தான் பிறந்ததிலிருந்தே காகிதம்தான் என்றார்.

“இங்க நீங்க தொரைங்க, எதையும் பண்ணலாம். யாரு கேக்கப் போறா” என்றான் ஆண்டியப்பன். “போற எடத்துலயும் அப்பிடியே இருந்தா மதிப்பாங்களா?”

துரை யோசித்துப் பார்த்துவிட்டுச் செம்பைப் பெட்டியில் வைக்கச் சொன்னார். ஊறுகாய் ஜாடி ஒன்று, பருப்புப்பொடி ஒரு டின், வேப்பங்குச்சி ஒரு கட்டு எல்லாம் பெட்டிக்குப் போயின. மாட்டிறைச்சி இல்லாமல் ஒரு வேளை உண்ணாத மனுஷர், அந்த ஊரில் நமக்கு ஒத்துவருகிற சாப்பாடு கிடைக்காது என்று வக்கீல் சொன்னதை நம்பி, இப்போதே பழகிக்கொள்கிறேன் என்று ரசமும் சோறும் சாப்பிடத் தொடங்கினார்.

அடுத்தது உற்றுப் பார்ப்பது. வெள்ளைக்காரர்கள் தன்னை உற்றுப் பார்ப்பார்கள் என்பதில் துரைக்கு உண்மையாகவே பயம் வந்துவிட்டது. அதற்குப் பழக வேண்டுமென்றால் யாராவது அவரை உற்றுப் பார்க்க வேண்டும். தோட்டத்தில் எவன் பார்ப்பான்? துரை வருகிறார் என்றால் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு பாதையை விட்டு ஓரத்துத் தண்ணீர்க் கானில் இறங்கி நிற்கிற ஜனம். ஆண்டியப்பன் கெஞ்சிப் பார்த்தான், ஒருவரும் ஒப்பவில்லை. கடைசியில் பேச்சியம்மா ஒப்புக்கொண்டாள்.

“இத்தன வருஷமா குனிஞ்சுகிட்டே போனவதானே, ஒரு நாளு நல்லாப் பாத்துக்கிறேனே” என்றாள்.

பங்களாப் பாதையில் எதிரே வந்து, இடுப்பில் கையை வைத்து நின்று, தொப்பியிலிருந்து சப்பாத்து வரைக்கும் பார்த்தாள். அப்படி ஒரு பார்வை. துரை புன்னகை செய்ய வாயெடுத்தவர், செய்ய முடியாமல் திரும்பிப் பங்களாவுக்குள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்றாம் நாள்தான் புன்னகை வந்து பல் தெரிந்தது.

அதற்குப் பிறகு வந்ததுதான் வினை. அந்த ஊரில் யாராக இருந்தாலும் வரிசையில் நிற்க வேண்டும், முந்தக்கூடாது, எது வாங்கினாலும் நன்றி சொல்ல வேண்டும், திறந்த கதவுக்கும் நன்றி, மூடிய கதவுக்கும் நன்றி என்று புத்தகத்தில் இருந்தது. வரிசை பழக ஆண்டியப்பன் துரையைக் கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு அழைத்துக்கொண்டு போனான். பெண்கள் கூடையோடு நின்றார்கள். துரை ஒரு கூடையை வாங்கி முதுகில் மாட்டிக்கொண்டு கடைசியில் போய் நின்றார். கணக்குப்பிள்ளை எடை எழுதுவதை விட்டுவிட்டு எழுந்து நின்றார். முன்னால் நின்ற காளியாயி, கூடை கனக்கிறதே என்று அவருக்கு ஒரு கை கொடுத்துச் சரிசெய்தாள். துரை அவளைப் பார்த்துப் புன்னகைத்து, “ரொம்ப நன்றிடி” என்றார்.

காளியாயி அங்கேயே உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.

அது ஏன் என்று தோட்டத்தில் இருந்தவனுக்குத்தான் தெரியும். துரைமார் கூலியாளுக்கு நன்றி சொல்வது ஒரே ஒரு நாளில்தான். பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்து, இனி இந்தத் தோட்டத்தில் உனக்கு வேலை இல்லை, லயத்தைக் காலி செய் என்று அனுப்புகிற நாளில். மற்றபடி நன்றி என்ற சொல்லைத் துரை வாயில் கேட்டவர்கள் கிடையாது. இது தெரியாமல் துரை தராசுக்காரனுக்கு ஒரு நன்றி சொன்னார், சாக்குப் பிடித்தவனுக்கு ஒரு நன்றி சொன்னார், தான் போக வழிவிட்ட பதினைந்து இருபது பெண்களுக்கும் தலைக்கு ஒரு நன்றி சொன்னார். பொழுது சாய்வதற்குள் நாலு லயத்திலும் அடுப்பு எரியவில்லை. தோட்டத்தை வாங்கியவன் பாதி ஆட்களை அனுப்பச் சொல்லிவிட்டான், அதைத்தான் துரை ஆள் பார்த்துச் சொல்லிக்கொண்டு வருகிறார் என்று பேச்சு. சிலர் சட்டி பானையைக் கட்டவே தொடங்கிவிட்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் தொழிலாளர் சங்கத்துத் தலைவர் செல்லசாமி ஆட்களைக் கூட்டிக்கொண்டு பங்களா வாசலுக்கு வந்துவிட்டார். எத்தனையோ கோரிக்கைகள் வைத்துத் தோற்றவர். இப்படி ஒரு கோரிக்கை அவருக்கே புதிது.

“தொரைங்க நன்றி சொல்றத நிப்பாட்டணும்ங்க” என்றார். “இல்லேன்னா இன்னிக்கு ஒருத்தரும் மலைக்கு ஏற மாட்டோம்.”

துரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆண்டியப்பன் அவர் காதருகே விளக்கினான். விளங்கியதும் அவர் முகம் சிவந்துபோயிற்று. காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்துக்கு நேரே நடந்து போய், எல்லாரும் கேட்கிற மாதிரி மேட்டில் ஏறி நின்றார்.

“டேய், எல்லாரும் கேளு. எனக்கு ஒருத்தன் மேலயும் நன்றி கெடையாது. எப்பவும் கெடையாது. போங்கடா வேலைக்கு.”

ஜனங்கள் கைதட்டினார்கள். காளியாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டினாள். செல்லசாமி தன் காலத்தில் வென்ற கோரிக்கை இது ஒன்றுதான் என்று பிறகு பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறார்.

துரை நன்றியை அதற்குப் பிறகு நாற்காலி மேசைகளிடம் சொல்லிப் பழகினார். மற்ற வேலைகளிலும் ஆச்சரியமாகத் தேறிக்கொண்டு வந்தார். படுக்கையைச் சுருக்கம் இல்லாமல் விரித்தார். தட்டு கழுவினார், உடைத்தது குறைவுதான். காலுறை துவைத்தார். ஒவ்வொன்றும் சரியாக வரும்போது ஆண்டியப்பன் வாய்விட்டு மெச்சுவான். தன் பிழைப்பில் தானே ஒவ்வொரு கல்லாகப் பிடுங்கிக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. பிழையாகப் பழக்கிவிடலாமா என்று கூட நினைத்தான். ஒருநாள் உருளைக்கிழங்கைத் தோல் சீவாமல் அரியச் சொல்லிக்கொடுத்தான். அன்றைக்கு இரவு தூக்கம் வரவில்லை. காலையில் முதல் வேலையாகப் போய்த் தோலைச் சீவச் சொன்னான்.

கடைசியாக மிஞ்சியது சமையல். சோறும் பருப்பும் ஒருவன் தனியாக ஆக்கிவிட்டால் சீமையில் சாகமாட்டான் என்பது வக்கீலின் கட்சி. கப்பலுக்குப் புறப்பட மூன்று நாள் இருக்கும்போது, ஒரு மத்தியானம், துரை இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு குசினிக்கு வந்தார்.

“நீ பேசாத. நான் தனியா ஆக்குறேன்” என்று சொல்லி ஆண்டியப்பனை முக்காலியில் உட்காரவைத்தார்.

சோறு பரவாயில்லாமல் வெந்தது. பருப்பில்தான் விஷயம். துரை பருப்பைப் போட்டார், மஞ்சள் போட்டார், விறகை உள்ளே தள்ளிவிட்டு ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுப்பு திகுதிகுவென்று எரிந்தது. தண்ணீர் சுண்டும் சத்தம் ஆண்டியப்பன் காதுக்கு வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் போதும். பருப்பு கரியாகும். துரைக்குப் பயம் வரும். தன்னால் ஆகாது என்று தெரிந்துவிடும். சுப்பு மாதிரி ஒருவன் வேண்டும் என்று வாய் திறந்து கேட்பார். ஆண்டியப்பன் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டான்.

அடிப்பிடிக்கிற வாசனை முதல் இழையாக மூக்குக்கு வந்தது. முப்பத்தைந்து வருஷம் ஒரு குசினியில் நின்றவனுக்கு அந்த வாசனை பிள்ளை அழுகிற சத்தம் மாதிரி. கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாது. அவன் இருந்துதான் பார்த்தான். முடியவில்லை.

“வெறக இழுங்க தொரைங்களே, அடிப்பிடிக்குது. கிண்டுங்க. அடியிலருந்து கிண்டுங்க.”

துரை பாய்ந்து விறகை இழுத்தார், கிண்டினார். பருப்பு பிழைத்துக்கொண்டது. இரண்டு தட்டில் போட்டார். ஒன்றை ஆண்டியப்பனிடம் நீட்டினார். துரை பரிமாறி அப்பு சாப்பிடுவது அந்தப் பங்களா கண்டிராத காரியம். இருவரும் குசினியிலேயே நின்றுகொண்டு சாப்பிட்டார்கள்.

“இப்ப நான் சாக மாட்டேன்” என்றார் துரை.

“மாட்டீங்க” என்றான் ஆண்டியப்பன். அதற்கு மேல் தாங்காமல், “என்னயும் கூட்டிக்கிட்டுப் போயிருக்கலாமுங்க” என்று சொல்லிவிட்டான்.

துரை தட்டைக் கீழே வைத்தார்.

“கேட்டேண்டா. அன்னிக்குக் கொழும்பு போனது அதுக்குத்தான். சிலோன் ஆபீஸ்ல சொல்றான், இவன் இந்தியாக்காரன், நாங்க பாஸ்போட்டு குடுக்க ஏலாது. இந்தியா ஆபீஸ்ல சொல்றான், இவன் இங்க பொறந்தவன், எங்க ஆள் இல்ல. நான் சொன்னேன், இவன் என் குசினி ஆள். அது ஒரு நாடு இல்ல சொல்றான்.”

ஆண்டியப்பன் தட்டில் இருந்த சோற்றைப் பருப்போடு பிசைந்தான்.

“ஒன்கிட்ட அதைச் சொல்ல எனக்கு வாய் வரல. அதான், எனக்குப் பழக்குடா சொன்னேன்.”

ஆக, புத்தகத்தை எடுத்த முதல் நாளே ஆண்டியப்பனின் கப்பல் போய்விட்டிருந்தது. கையின் மேல் உட்கார்ந்ததும், தூக்கம் கெட்டதும், தோலைச் சீவாமல் விட்டதும் எல்லாம் வீண். அவனுக்குக் கோபம் வரவில்லை. அதைவிட மோசமான ஒன்று, ஒரு பெரிய நிம்மதி வந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் தட்டில் மிஞ்சியதை வழித்துச் சாப்பிட்டான்.

“பருப்புல உப்புக் கம்மி” என்றான்.

புறப்படுகிற நாளில் தோட்டத்து லொறியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு இருவரும் நானுஓயாவுக்கு வந்தார்கள். வழக்கமாகத் துரைக்கு டிக்கெட் எடுக்க ஆபீஸ் பையன் போவான். வாடா துரை அதெல்லாம் கூடாது என்றார். பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு டிக்கெட் வரிசையில் கடைசியில் போய் நின்றார். ஏழெட்டுப் பேர் நின்றார்கள். காய் மூட்டையோடு சிங்களக் கிராமத்துக்காரர், தோட்டத்து ஆட்கள், புடவைக்கடைச் செட்டியார் ஒருவர். துரைக்கு முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார், பதறிப்போய் விலகி அவருக்குப் பின்னால் போய் நின்றார். அவருக்கு முன்னவரும் அப்படியே. காய் மூட்டைக்காரர், “மாத்தயா, மாத்தயா” என்று கும்பிட்டு மூட்டையோடு பின்னால் போனார். ஒரு நிமிஷத்தில் துரை சன்னலுக்கு நேரே நின்றார்.

நியாயமாக டிக்கெட்டை வாங்கியிருக்க வேண்டும். ஆனால் பாடம் அப்படி இல்லையே. முன்னால் வந்தவர்கள் பின்னால் நிற்கிறார்கள், அப்படியென்றால் தான் முந்திவிட்டோம் என்று துரை வெட்கப்பட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி கடைசிக்குப் போனார். கடைசியில் இருந்தவர்கள் மறுபடி அவருக்குப் பின்னால் போனார்கள். வரிசை மேடையில் ஊர ஆரம்பித்தது. தேத்தண்ணிக் கடையைச் சுற்றியது, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியது, சன்னலுக்கு வந்தது, யாரும் வாங்காமல் மறுபடி புறப்பட்டது. செட்டியாருக்கு மூச்சு வாங்கியது. டிக்கெட் கொடுக்கிறவர் சன்னலில் தலையை நீட்டி, தேர் எப்போது நிலைக்கு வரும் என்று கேட்டார். ரயில் வந்து நின்று நீராவி விட்டது. ஒருவர் கையிலும் டிக்கெட் இல்லை. துரை எல்லாரையும் பார்த்துப் புன்னகை செய்துகொண்டே சுற்றினார்.

கார்டு விசிலை வாயில் வைத்தான். ஆண்டியப்பன் நேரே சன்னலுக்குப் போனான். அங்கே ஒருவரும் இல்லை. எல்லாரும் தொட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு டிக்கெட்டை வாங்கிக்கொண்டு ஓடி, அதைத் துரையின் சட்டைப்பையில் திணித்து, அவர் கையிலிருந்த பெட்டியைப் பிடுங்கி வண்டிக்குள் எறிந்தான்.

“டேய், ஏறுடா வண்டியில.”

வாழ்க்கையில் அவன் ஒரு வெள்ளைக்காரரை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதலும் கடைசியும். துரை ஓடிப்போய் ஏறிக்கொண்டார். வண்டி நகர்ந்தது. சன்னலில் தலையை நீட்டி அவர் ஏதோ சொன்னார். நன்றியாக இருக்க வேண்டும். சத்தத்தில் கேட்கவில்லை. கேட்காததே நல்லது என்று ஆண்டியப்பன் நினைத்தான். வண்டி வளைவில் மறையும் வரை நின்றான். பிறகு மேடையில் டிக்கெட் இல்லாமல் நின்றவர்கள் எல்லாரும் சேர்ந்து அவனை ஏச ஆரம்பித்தார்கள். அடுத்த வண்டி மாலையில்தான்.

லயத்துக்கு அவன் வந்து சேரும்போது பேச்சியம்மா இத்தனை நாள் குடியிருந்த பங்களாப் பின்கட்டிலிருந்து சாமான்களைக் கொண்டுவந்து, லயத்தில் அவர்களுக்கு ஒதுக்கிய ஓர் அறைக் காம்பராவில் அடுக்கிவிட்டிருந்தாள். கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிச் சுவரோரம் சாய்த்திருந்தாள். பித்தளைப் பொத்தான் கோட்டைக் கழற்றச் சொல்லி, ஒரு பழைய கம்பளியைக் கொடுத்து மடித்துப் போடக் காட்டினாள். ஒரு தடவையில் அவனுக்கு வரவில்லை.

“காலையில தப்பு மேளம் அடிச்சதும் எந்திரிச்சிரணும்” என்றாள். “பெரட்டுல கணக்கப்புள்ள பேரக் கூப்பிட்டா சத்தமா இருக்கேங்கன்னு சொல்லுங்க. முணுமுணுத்தா அரைப்பேரு போட்டுருவாரு, பாதிச் சம்பளந்தான். மலையில ஏறுறப்ப மேல பாக்காதீங்க, முன்னால போறவன் குதிகாலப் பாத்து நடங்க. அட்டை ஏறுனாப் பிடுங்காதீங்க, சுண்ணாம்பு முடிஞ்சு தர்றேன். வாதுல ஒரே வெட்டு. ரெண்டாவது வெட்டு வெட்டுனா செடி பொளந்துரும், கங்காணி ஆத்தாளச் சேத்து வைவான்.”

ஆண்டியப்பன் சம்மணம் போட்டு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து கேட்டான். நடுவில் ஒன்றை மறுபடி சொல்லச் சொன்னான்.

“தேத்தண்ணி எப்ப?”

“கொண்டு போறதுதான். ஆறிப் போயிருக்கும். குடிச்சிக்கணும்.”

கொஞ்சம் யோசித்தான். கேட்கவும் வெட்கமாக இருந்தது, கேட்காமல் இருக்கவும் பயமாக இருந்தது.

“ஒண்ணுக்கு வந்தா எங்க போறது?”

பேச்சியம்மா சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்துக் காம்பராவிலிருந்து என்ன என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

“கீழ ஓடைப்பக்கம் ஆம்பளைங்க. மேல பாறைப்பக்கம் பொம்பளைங்க. மாத்திப் போயிறாதீங்க.”

“கீழ ஓடை” என்றான் ஆண்டியப்பன். “மேல போகக்கூடாது.”

“அம்புட்டுத்தான். மத்தது போகப் போகத் தெரியும்” என்று சொல்லி விளக்கை ஊதி அணைத்தாள்.